கல்லறைக் கல்லில் ஒரு வரி

இந்த மாதப் பாடத்துக்கு ஆதியாகமம் 23-ம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாராள் மரித்துவிட்டாள். ஆபிரகாம் ஏத்தின் புத்திரரிடம் போய் அடக்கம்பண்ண ஒரு இடம் கேட்கிறார். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இவர் ஒத்துக்கொள்ளாமல் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். தேசம் முழுவதையும் தருவேன் என்று தேவன் வாக்குப்பண்ணியிருந்தார். ஆனால் கையில் வந்த நிலமோ ஒரு கல்லறைக்கான நிலம்! பிறகு யோசேப்பைப் பாருங்கள் (ஆதி. 50:25). எகிப்தில் அவ்வளவு பெரிய அதிகாரி. ஆனாலும் தன் எலும்புகளை அங்கே விட்டுவிடக்கூடாது என்று சகோதரரிடம் ஆணை வாங்கிக்கொண்டார். ஒரு மனுஷன் எந்த ஜனத்தைத் தன் ஜனமாக நினைத்தான் என்பது அடக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஞாபகத்துக்கு வருவார். நம்ம பக்கத்தில் ஸ்கடர் குடும்பத்தை எல்லாருக்கும் தெரியும். மலை இறங்கி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகாத வீடு ஏலகிரியில் குறைவு. 1900-ல் ஒரே கட்டிலோடு அந்த வேலையை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவின் தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்து முதலில் ஊழியம் செய்த இடம் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு. அதே மிஷன் 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினவர்தான் கிறீன். 1822-ல் மாசச்சூசெட்ஸின் வூஸ்டரில் பிறந்தவர். வசதியான குடும்பம். நியூயார்க் பட்டணத்தைப் பெரிதாக்கியதில் பேர்பெற்ற ஆண்ட்ரூ கிறீன் இவருடைய அண்ணன்தான்.

மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 1848-ல் வாலிபர்களுக்கு மருத்துவம் கற்பிக்க ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். அதில் ஒரு சங்கடம் இருந்தது: ஆங்கிலத்தில் படித்தவன் சம்பளம் கிடைக்கிற சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விடுவான், கிராமத்துக்கு வைத்தியன் கிடைக்கமாட்டான். ஆகவே 1862-ல் இரண்டாம் முறை வந்தபின் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். புஸ்தகம்? இல்லை. அதையும் தம் மாணாக்கரோடு சேர்ந்து உண்டாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்! இரண்டு காலத்திலும் சேர்த்து 60-க்கும் அதிகமான வைத்தியர்களை உருவாக்கினார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்குத் தெரியவேண்டும். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, அவங்க என்னதான் சொன்னாங்க?” என்று என்னிடம் கேட்ட தாய்மார்கள் உண்டு. வியாதியைவிட அந்தப் புரியாமைதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது. கிறீன் 150 வருஷத்துக்கு முன்னே இதைக் கண்டுகொண்டார்.

மருந்து சாப்பிட்டால் விசுவாசக் குறைச்சல் என்று நம்மில் சிலர் சொல்லுகிறார்கள். பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியன்தானே (கொலோ. 4:14)? இதில் அதிகம் வாதாட எனக்கு விருப்பமில்லை.

இன்னொன்று. தம்மிடம் படித்தவர்கள் வெள்ளைக்காரரைப் போல் உடுத்துவதும் நடப்பதும் கிறீனுக்குப் பிடிக்காது. கிறிஸ்தவன் ஆவது வேறு, அமெரிக்கன் ஆவது வேறு என்று கண்டிப்பாக இருந்தார். அந்நாளில் வந்த மிஷனெரிமார் எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

1873-ல் சரீரம் பெலவீனப்பட்டு மனைவி பிள்ளைகளோடு வூஸ்டருக்குத் திரும்பினார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. பனி பெய்கிற ஊரில் உட்கார்ந்து தமிழ்ப் புஸ்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கெமிஸ்தம் 1875-ல் நம்ம நாகர்கோவிலில்தான் அச்சாயிற்று. 1884 மே 28-ம் தேதி, பிறந்த வீட்டிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

யோசேப்பைப்போல எலும்பைக் கொண்டுபோகச் சொல்லவில்லை. சொந்த ஊரிலேயே அடக்கமானார். ஆனால் ஒன்றை முன்னமே எழுதி வைத்திருந்தார்: கல் வைத்தால் சாதாரணக் கல் போதும், அதில் பெயரும் வருஷமும், அதன்கீழ் தமிழருக்கு வைத்திய சுவிசேஷகன் என்றும், இயேசுவே தமக்கு எல்லாம் என்றும் இருக்கட்டும். அவ்வளவுதான். படிப்பும் இல்லை, குடும்பப் பெருமையும் இல்லை. அந்த ஊர்க்காரர் எத்தனை பேருக்குத் தமிழர் யார் என்று தெரிந்திருக்கும்!

நம்முடைய கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கிறேன். பளபளவென்று கிரானைட், போட்டோ, வகித்த பதவிகளெல்லாம் வரிசையாக. எந்த மகன் பெயர் முதலில் வரவேண்டும் என்று அடக்க ஆராதனை முடியுமுன்னே மனஸ்தாபம் வந்ததையும் கண்டிருக்கிறேன்.

இந்த வாரம் வீட்டு ஜெபத்தில் ஆதியாகமம் 23, 50 அதிகாரங்களோடு எபிரெயர் 11:22-ஐயும் வாசியுங்கள். பிறகு, உங்கள் கல்லில் எழுத ஒரே ஒரு வரிதான் என்றால் அது என்ன என்று வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.