பழைய ஜீப் வாங்குவோமா? குடும்பக் குழுக்களுக்கான ஒரு பாடம்

மாரி தொடங்கியதும் வயல் வீதி எப்படி இருக்கும் என்பதை நாம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து உறவினர் வீட்டிலோ வேறு கிராமத்திலோ இருந்துகொண்டு, பதினைந்து இருபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சொந்த வயலுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு இந்த வீதியே பெரும் தடை. உரமூடையைக் கொண்டுபோக முடியாது. வெட்டிய நெல்லை மழைக்குமுன் ஏற்ற முடியாது. இரவில் ஒருவரைப் பாம்பு தீண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. ஆகவேதான், "நாலைந்து குடும்பம் சேர்ந்து நாலு சில்லும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானதே. அதற்கு எப்படி விடை காண்பது என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

ஏழு குடும்பங்களின் அனுபவம்

நாம் அறிந்த ஏழு குடும்பங்கள் வன்னியில் இவ்வாறு ஒரு ஜீப்பை வாங்கின. ஓடியது இரண்டரை இலட்சம் கிலோமீற்றருக்கு மேல். புதிதாகப் பெயின்ற் அடித்து, இருக்கைகளுக்கு உறை போட்டு, பார்ப்பதற்கு அழகாக இருந்தது. சேமித்த பணம் முழுவதும், அடுத்த போகத்துக்கென வைத்திருந்த விதைநெல் காசும் விலையாகப் போயிற்று. மூன்றாம் மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது எஞ்சினின் ரைமிங் பெல்ற் அறுந்தது. வால்வுகள் வளைந்தன. திருத்தச் செலவு, வாங்கிய விலையில் மூன்றிலொரு பங்கு. கையில் ஒரு சதமும் இல்லை. ஜீப் எட்டு மாதம் புளியமரத்தின் கீழ் நின்றது. இரண்டு குடும்பங்கள் மனக்கசப்போடு விலகின.

பின்னர் இரண்டு பசுக்களை விற்று அதைத் திருத்தினார்கள். ஜீப் இன்றும் ஓடுகிறது. அக்குழுவின் கணக்கைப் பார்க்கும் அக்கா எம்மிடம் கூறியது இதுதான்: "ஜீப்பில பிழை இல்லை. இருந்த காசு முழுவதையும் முதல் நாளே குடுத்ததுதான் எங்கட பிழை."

இப்பாடத்தின் சாரம் இதுவே. பழைய வாகனத்துக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று விற்பவருக்குக் கொடுப்பது. மற்றது வாங்கியபின் வாகனத்துக்குக் கொடுப்பது. இரண்டாவதை ஒதுக்கி வைக்காதவர் முதலாவதையும் இழப்பார்.

1. முதலில் கணக்குப் பாருங்கள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை வெகுவாக ஏறியது. இருபத்தைந்து வருடப் பழைய ஜீப்புக்கும் பல இலட்சம் கேட்கிறார்கள். ஆகவே தவறுக்கு இடமில்லை.

உங்களிடம் 100 ரூபா இருந்தால் 70 ரூபாவுக்கே வாகனம் தேடுங்கள். 20 ரூபா முதல் மாதத் திருத்தத்துக்கு. 10 ரூபா வங்கியில் கிடக்கட்டும். அது நடுவழியில் நிற்கும் நாளுக்கு உரியது. விதைநெல் காசும் பிள்ளைகளின் படிப்புக் காசும் இந்த 100 ரூபாவுக்குள் வரக்கூடாது.

டீசலையும் எண்ணுங்கள். இவ்வகை பழைய ஜீப் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோமீற்றர் ஓடும். வயல் 18 கிலோமீற்றர் தூரமென்றால் போய்வர 4 லீற்றர் தேவை. வாரம் மூன்று பயணம் என்றால் 12 லீற்றர். இதை ஏழு குடும்பமும் தாங்குமா?

வயல் அண்மையில் இருந்தால் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்ரரே போதும். அது உழவும் செய்யும், உதிரிப்பாகமும் மலிவு. தூரமும் சேறும் ஆட்களை ஏற்றும் தேவையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஜீப்பை எண்ணுங்கள்.

2. எதைத் தெரிவுசெய்வது?

அழகானதை அல்ல, உங்கள் ஊர் மெக்கானிக்குக் கைவந்ததைத் தெரிவுசெய்யுங்கள். உதிரிப்பாகம் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ அன்றே கிடைக்க வேண்டும். ஒரு பாகத்துக்காகக் கொழும்புக்கு மூன்று முறை அலைந்தால் இலாபம் பஸ் செலவிலேயே போய்விடும். மின்னணுக் கருவிகள் குறைந்த பழைய டீசல் எஞ்சினே கிராமத்துக்கு ஏற்றது.

ரைமிங் எதனால் இயங்குகிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். மிற்சுபிஷியின் 2.5 லீற்றர் 4டி56, ரொயோற்றாவின் 2.8 லீற்றர் 3எல், லான்ட்றோவரின் 300ரிடிஐ ஆகிய எஞ்சின்களுக்கு பெல்ற் உண்டு. மிற்சுபிஷியின் 2.8 லீற்றர் 4எம்40 எஞ்சினில் செயின். நிசானின் ரிடி27 எஞ்சினில் பற்சக்கரம். பெல்ற் உள்ளது கூடாதது என்பதல்ல. அதற்குத் தவணை உண்டு. தவணை தவறினால் எஞ்சினையே கெடுக்கும்.

3. பார்க்கப் போகும் நாள்

மீற்றரில் தெரியும் கிலோமீற்றரை நம்பி விலை பேசாதீர்கள். அதைக் குறைத்துவைப்பது எளிது. பிறேக் பெடலின் இறப்பர் தேய்ந்து, ஸ்ரியறிங் வளையம் வழுவழுப்பாகி, மீற்றர் மட்டும் 90,000 காட்டினால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. ஒழுங்காக ஒயில் மாற்றிய 3 இலட்சம் கிலோமீற்றர் வாகனம், கவனியாத 1 இலட்சம் கிலோமீற்றர் வாகனத்தைவிட மேலானது. சேர்விஸ் செய்த சிட்டைகளைக் கேளுங்கள்.

காலையில், மழையில்லாத நாளில், உங்கள் மெக்கானிக்கோடு போங்கள். பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

(அ) பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஸ்ராட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறும்வரை காத்திருங்கள். நோய் தெரிவது குளிர்ந்த எஞ்சினில்தான்.

(ஆ) ஸ்ராட் செய்யுமுன் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்போல வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. குளிர்ந்த நிலையிலேயே றேடியேற்றர் மூடியைத் திறந்து, தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா எனப் பாருங்கள். சூட்டில் ஒருபோதும் திறக்க வேண்டாம்.

(இ) புகையைக் கவனியுங்கள். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. கரும்புகை என்றால் காற்று பில்ரர் அடைபட்டிருக்கலாம் அல்லது இன்ஜெக்ரர் பழுது. சூடேறிய பின்னும் விடாத வெண்புகை என்றால் ஹெட் பக்கம் சந்தேகப்படுங்கள்.

(ஈ) எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். புகை குபுகுபுவென வந்தால் உள்ளே தேய்வு அதிகம். அந்த வாகனத்தை விட்டுவிடுங்கள்.

(உ) சாக்கை விரித்து அடியில் படுங்கள். சசியே வாகனத்தின் முதுகெலும்பு. கடற்கரைப் பகுதியில் ஓடிய வாகனத்தில் உப்புக் காற்று அதை அரித்திருக்கும். சிறு சுத்தியலால் தட்டுங்கள். ஓசை மந்தமாக இருந்தாலோ புதிதாகத் தார் பூசியிருந்தாலோ கவனம். எஞ்சினைத் திருத்தலாம். இற்றுப்போன சசியைத் திருத்துவது கடினம்.

(ஊ) வெள்ளத்தில் நின்றதா என அறிய, கால்விரிப்பைத் தூக்கி அடியையும் இருக்கைச் சட்டங்களையும் பாருங்கள். மண்ணும் துருவும் உண்மையைச் சொல்லும்.

(எ) மண் வீதியில் ஓட்டிப் பாருங்கள். நாலு சில்லு இழுவையைப் போட்டு முன் சில்லுகளும் இழுக்கின்றனவா எனப் பாருங்கள். குறைந்த கியரையும் போடுங்கள். கியர் தானாக வெளியே வரக்கூடாது. புறப்படும்போது அடியில் 'டக்' என்று கேட்டால் சாவ்ற்றின் ஜொயின்ற் தேய்ந்துள்ளது. அது சிறு செலவு, விலையில் குறைக்கலாம்.

(ஏ) நான்கு ரயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ இருந்தாலும் வெடித்து வயதுபோன ரயர் உதவாது.

4. பத்திரங்கள்

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் வாகனத்தில் உள்ளவற்றோடு நேரே ஒப்பிடுங்கள். உரிமையாளரின் பெயரோடு நிதி நிறுவனம் ஒன்றின் பெயரும் இருந்தால் கடன் தீரவில்லை. கடன் தீர்த்து, அந்தப் பெயர் நீக்கப்பட்ட பின்னரே காசு கொடுங்கள். பலர் பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட வெறும் படிவங்களோடு கைமாற்றி விற்கிறார்கள். மலிவாக இருக்கும். பின்னர் பதிவு உரிமையாளரைக் காணாமல் நீங்கள் தேடி அலைவீர்கள். அத்தகைய வாகனத்தை வாங்காதீர்கள். வாங்கியதும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றத் தாமதிக்க வேண்டாம். காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் ஆகிய மூன்றும் செல்லுபடியாக உள்ளனவா என்பதையும் பாருங்கள்.

5. வாங்கிய முதல் வாரம்

ஒதுக்கிய 20 ரூபாவை இந்த வரிசையில் செலவிடுங்கள். பெல்ற் மாற்றிய நாளுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லையேல், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். பெல்ற்றையும் அதை இறுக்கும் பெயாரிங்கையும் ஒன்றாக மாற்றுங்கள். அடுத்தது பிறேக். அதன்பின் எஞ்சின் ஒயில், எல்லா பில்ரர்களும். கியர், டிபரன்சல் ஒயில்கள். றேடியேற்றர் குழாய்கள். கடைசியில் ரயர். பெயின்ரும் பாட்டுப் பெட்டியும் இந்தப் பட்டியலில் இல்லை.

6. தொடர் பராமரிப்பு

நாள்தோறும்: ஒயில், தண்ணீர், ரயர் காற்று, அடியில் ஒழுக்கு.

வாரந்தோறும்: தூசு நாட்களில் காற்று பில்ரரைக் கழற்றித் தட்டுங்கள். டீசல் பில்ரரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடியுங்கள்.

5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை: எஞ்சின் ஒயிலும் ஒயில் பில்ரரும். எல்லா கிறீஸ் நிப்பிள்களுக்கும் கிறீஸ். சேற்றில் ஓடினால் இடையிலும் அடியுங்கள்.

2 வருடத்துக்கு ஒருமுறை: பிறேக் ஒயில், றேடியேற்றர் கூலன்ற்.

பெல்ற்: எஞ்சினின் தவணைப்படி, ஏறத்தாழ 90,000 முதல் 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. மாற்றிய திகதியையும் மீற்றர் இலக்கத்தையும் எழுதி எஞ்சின் அருகே ஒட்டுங்கள்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பழைய இயந்திரங்களை உயிரோடு வைத்திருந்தவை கவனமான கைகளே. ஆனால் அந்த வழியை டீசல் எஞ்சினுக்குக் கொண்டுவராதீர்கள். டீசல் பம்புக்கு டீசலே மசகு எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் தேய்ந்துவிடும்.

7. ஓட்டும் முறை

இத்தகைய பழைய ஜீப்புகள் பெரும்பாலானவற்றில் நாலு சில்லு இழுவை சேற்றுக்கும் மணலுக்குமே உரியது. காய்ந்த தார் வீதியில் போட்டு ஓடினால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கி உடையும். ஆனால் கோடை முழுவதும் போடாமலும் விடாதீர்கள். மாதம் ஒருமுறை மண் வீதியில் சிறிது தூரம் ஓட்டினால் ஒயில் எங்கும் பரவும்.

தண்ணீர் சில்லின் நடுவுக்கு மேல் என்றால் இறங்க வேண்டாம். இறங்கி ஏறியபின் பிறேக்கை அழுத்திக் காயவிடுங்கள். டிபரன்சல் ஒயில் வெளிறியிருந்தால் உடனே மாற்றுங்கள். சூட்டு முள் ஏறினால் நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு கட்டைதானே" என்று ஓட்டியவர்கள் ஹெட்டை இழந்தார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். ஜீப் எங்கும் போகும் என்பதற்காகத் தடம் விலகாதீர்கள். போர் 2009இல் முடிந்தபின்னும் முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகள் தொடர்ந்தது. மண்டையோட்டு அடையாளம் உள்ள இடத்திலும், விடுவிக்கப்பட்டதாக உறுதியாகத் தெரியாத காணியிலும் சில்லு படக்கூடாது.

8. குழுவின் ஒழுங்கு

பொதுச் சொத்து கெடுவது பொறுப்பானவர் இல்லாததால்தான். ஓட்டுவதற்கு ஒருவர் அல்லது இருவர் போதும். கணக்கு வேறொருவரிடம் இருக்கட்டும். ஒவ்வொரு பயணத்தையும் கொப்பியில் எழுதுங்கள். பயணம் செய்பவர் டீசலோடு, கிலோமீற்றருக்கு ஒரு தொகை திருத்த நிதிக்கும் செலுத்த வேண்டும். நோயாளிக்கு முதல் இடம். அன்று காசு கேட்க வேண்டாம், பின்னர் பேசலாம். வாகனம் யார் பெயரில் இருந்தாலும் ஏழு குடும்பங்களின் பங்கும், விலகுபவருக்கு என்ன கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

மீண்டும் மீண்டும் எல்லாவற்றையும் விட்டுவந்த குடும்பங்களுக்குச் சேமிப்பு என்பது வெறும் காசு அல்ல. அதைப் புளியமரத்தின் கீழ் நிறுத்திவிடக் கூடாது. அவசரப்படாதீர்கள். மூன்று வாகனத்தைப் பார்த்து மூன்றையும் விட்டுவந்தால் நட்டம் பஸ் காசு மட்டுமே.

குழுவில் கலந்துரையாட

1. எமது வயலுக்கு ஜீப் தேவையா, லான்ட்மாஸ்ரர் போதுமா?
2. எமது சேமிப்பில் 70, 20, 10 என்ற பங்கீடு எவ்வளவு தொகையாக வரும்?
3. நாளை எஞ்சின் நின்றால், யாரும் மாடு விற்காமல் திருத்த எம்மால் முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல முடிந்த நாளே வாங்குவதற்கு ஏற்ற நாள்.