ஊறவைத்த காபியும் ஊறிப்போன வதந்தியும்

“கோல்ட் ப்ரூவுல ஆசிட்டே கிடையாதாம் அக்கா. அல்சர்காரங்க கூட தாராளமா குடிக்கலாமாம்.”

கோல்ட் ப்ரூ என்றால் தூளைச் சூடில்லாத நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் குளிர்முறைக் காபி. கோடை பிறந்ததும் அதைப் பற்றிய இந்தப் பேச்சு என்னைத் தேடி வந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். மருந்துக்கடையில் பாண்டோபிரசோல் வாங்க நிற்பவர் சொல்கிறார். வகுப்பில் மாணவிகள் கைபேசியை நீட்டிக் காட்டிச் சொல்கிறார்கள். ஒருவர்கூட அந்தக் காபியில் பி.எச். மீட்டரை வைத்துப் பார்த்தவரில்லை. சுவையைப் பற்றிய பேச்சு என்றால் அவரவர் நாக்கு, அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். வயிற்று நோய்க்காரர்கள் இதை நம்பிக் குடிக்கிறார்கள். உணவு வேதியியல் சொல்லிக்கொடுக்கிற நான் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது தப்பு.

பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலத்தன்மை ஏறும். ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு. 2018இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள தாமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்தில் நினி ராவ், மேகன் புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள், பிரேசில், எத்தியோப்பியா, கொலம்பியா உட்படப் பல நாட்டுக் காபிகளை வெந்நீரில் ஒரு முறையும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து ஒரு முறையும் எடுத்து அளந்து பார்த்தார்கள். எல்லாமே 4.85க்கும் 5.13க்கும் நடுவில்தான் இருந்தன. சூடாக எடுத்ததற்கும் குளிராக எடுத்ததற்கும் பி.எச். அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆசிட்டே கிடையாது என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. வீட்டில் தோய்த்த தயிரின் பி.எச். ஏறத்தாழ 4.5. அதாவது, சூடான காபியே தயிரைவிட அமிலம் குறைந்தது. தயிர்சாதத்தை வயிற்றுக்கு இதம் என்று சாப்பிடுகிறவர்கள், காபியின் அமிலத்துக்கு மட்டும் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்?

இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். பி.எச். என்பது திரவத்தில் அந்த நேரம் தனியாகப் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிகளை மட்டும் காட்டும். பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு மொத்த அமிலத்தையும் அளக்கிற தரம்பார்த்தல் முறை வேறு. பிளஸ் டூ ஆய்வகத்தில் எல்லோரும் செய்ததுதான். அதே ஆய்வாளர்கள் அப்படி அளந்தபோது, குளிர்முறைக் காபியில் மொத்த அமிலம் குறைவாக இருந்தது. நாக்கில் சுரீரென்ற புளிப்பு தட்டாததற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் ‘குறைவு’தான் வாய் மாறி வாய் மாறி ‘இல்லை’ என்று ஆகிவிட்டது. விற்பவர்களுக்கும் இது வசதி. 1964இல் அமெரிக்காவில் டாட் சிம்ப்சன் என்பவர் வீட்டில் குளிர்முறைக் காபி எடுக்க ஒரு பாத்திரம் உருவாக்கினார். அமிலம் குறைவு என்பது அந்தக் காலம் தொட்டே இந்த வியாபாரத்தின் விளம்பர வாசகம்.

சரி, மொத்த அமிலம் குறைவாகவே இருக்கட்டும். அதனால் வயிற்றுக்கு என்ன லாபம்? வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பி.எச். 1.5 முதல் 3.5 வரை. காபியைவிடப் பல மடங்கு அமிலம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வெளியிலிருந்து போகிற 5 பி.எச். திரவம் அந்த அமிலத்தைக் கூட்டாது. காபி செய்கிற வேலை வேறு. அது இரைப்பையைத் தூண்டி அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது. காஃபீன் நீக்கிய காபியே இதைச் செய்கிறது. உணவுக்குழாயின் அடியில் இரைப்பையை மூடிவைக்கிற தசை வளையத்தையும் காஃபீன் தளர்த்தக்கூடியது. அப்போதுதான் அமிலம் மேலேறி நெஞ்சு எரிகிறது. டம்ளரில் இருக்கும் அமிலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் வயிறு சுரக்கும் அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஐஸ் போட்டுக் குடித்தாலும் வயிற்றில் இறங்குவது காபிதான்.

நம் ஊரில் நெஞ்செரிச்சல், வாயு, பசிவலி எல்லாவற்றையும் அல்சர் என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். உண்மையான குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, இல்லையென்றால் அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள். அந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததற்காக ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்துகிற நோய் அது. மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர், காபியை மாற்றிக்கொண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுகிறார் என்றால், அந்த மூன்று மாதத்துக்கு இந்த வதந்தியைப் பரப்பியவரும் பொறுப்பு. காபி குடித்தால் எரிகிறது என்றால் அளவைக் குறையுங்கள், வெறும் வயிற்றில் குடிப்பதை நிறுத்துங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள்.

இந்த வதந்திக்கு ஒரு தம்பி உண்டு: “தண்ணி சூடு இல்லாததால காஃபீன் இறங்காது, குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம்.” குழந்தைக்கு! ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை வெப்பநிலையில் 100 மில்லி நீர் ஏறத்தாழ 2 கிராம் காஃபீனைக் கரைத்துவைத்துக்கொள்ளும். 100 கிராம் அராபிகா தூளில் இருக்கும் மொத்தக் காஃபீனே சுமார் 1.2 கிராம், ரோபஸ்டாவில் சுமார் 2.2 கிராம். நாம் ஊறவைப்பதோ 800 மில்லி நீரில். ரோபஸ்டாவில் இருக்கிற காஃபீனைப் போலக்கூட ஏழு மடங்குக்கு மேல் கரைக்கிற அளவு தண்ணீர் அது. சூடு இல்லாததால் வேகம் மட்டும்தான் குறையும். அந்தக் குறையை நேரத்தைக் கொண்டு ஈடுசெய்கிறோம். அதே இரு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஆறேழு மணி நேரத்திலேயே காஃபீன் இறங்குவது நிலைக்கு வந்துவிடுகிறது.

வீட்டு டம்ளரில் இது எவ்வளவு? 70:30 தூள் 10 கிராம் போட்டு எடுத்த டிகாக்ஷனில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி என்றால், அதில் காபி 7 கிராம்தான், மீதி சிக்கரி. அராபிகாவாக இருந்தால் காஃபீன் 80 மில்லிகிராமைச் சுற்றி நிற்கும். 100 கிராம் காபிக்கு 800 மில்லி தண்ணீர் விட்டு எடுத்த கெட்டிச் சாறு 100 மில்லியில் 12.5 கிராம் காபியின் சாரம் இருக்கிறது. காஃபீன் 150 மில்லிகிராம் வரை போகும். ரோபஸ்டா கலந்திருந்தால் அதற்கும் மேல். கசப்பு தெரியாததால் மடக் மடக்கென்று உள்ளே போய்விடும். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு. கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரண்டாவது டம்ளரிலேயே அது தாண்டிவிடும்.

அமிலம் இல்லை என்று கொண்டாடுகிறவர்கள் ஒன்றை யோசிப்பதே இல்லை. அமிலம் குறைந்த உணவு சீக்கிரம் கெடும். பி.எச். 4.6 என்பது எங்கள் துறையில் ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேலே இருக்கும் உணவைக் காற்றுப்புகாமல் அடைத்து வெளியே வைத்தால், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்க இடம் இருக்கிறது. காபி அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இந்த அபாயம் காரணமாகவே தன் கோல்ட் ப்ரூ டப்பாக்களைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிடக்கூடாது என்பதற்காகச் செய்தார்கள். ஃபில்டரில் கொதிநீர் ஊற்றுகிறோம். குளிர்முறையில் கிருமியைக் கொல்கிற கட்டமே கிடையாது. சித்திரை வெயிலில் 35 டிகிரி சமையலறை மேடையில் ராத்திரி முழுக்கப் பாத்திரத்தை மூடிவைக்காதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், ஐஸையும் அதே தண்ணீரில் உறையவையுங்கள், ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும். வடித்ததை மூன்று நாலு நாளில் முடித்துவிடுங்கள். பால் சேர்த்தால் அன்றைக்கே.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இரண்டு நாள் ஊறினால்தான் சாரம் இறங்கும் என்பது பொய்; பன்னிரண்டு மணி நேரம் போதும், பதினாறைத் தாண்டினால் மரக்கட்டை வாடைதான் இறங்கும். இன்ஸ்டன்ட் தூளைப் பச்சைத் தண்ணீரில் கலக்குவது கோல்ட் ப்ரூ ஆகாது. அது ஏற்கெனவே சூட்டில் சாறெடுத்து உலர்த்திய தூள். காபி உடம்புத் தண்ணீரை வற்றடித்துவிடும் என்பதும் நிற்காது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், காபி பழக்கமுள்ள 50 ஆண்களுக்கு நாளொன்றுக்கு நாலு கப் கொடுத்துப் பார்த்தார்கள், தண்ணீர் குடித்த நாட்களோடு ஒப்பிட்டால் உடலின் நீர்ச்சத்தில் வித்தியாசம் இல்லை. இது 2014இல் வெளியானது.

ஐஸ் போட்டால் காபி சப்பென்று ஆகிவிடும் என்கிறார்களே, அது கைப்பிழை. 80 டிகிரி சூட்டிலிருக்கும் 100 மில்லி டிகாக்ஷன் 5 டிகிரிக்கு இறங்க, ஏறத்தாழ 90 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதாவது டிகாக்ஷன் இரு மடங்காக நீர்த்துப்போகும். அது தெரிந்துவிட்டால் முதலிலேயே பாதித் தண்ணீரில் கெட்டியாக இறக்கிக்கொள்ளலாம். முதல் டிகாக்ஷனை மட்டும் எடுங்கள். காலையில் மிஞ்சிய இரண்டாம் டிகாக்ஷனை ஐஸில் ஊற்றிவிட்டு ஐஸ் காபியைக் குறை சொல்லாதீர்கள்.

நான் முக்கியமாகச் சண்டை போட நினைப்பது தூளைப் பற்றி. கோல்ட் ப்ரூ வீட்டில் சரியாக வருவதில்லை என்று சொல்லுகிற பத்துப் பேரிடம் என்ன தூள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் ஒன்றே: “வழக்கமா ஃபில்டருக்கு வாங்கறதுதான்.” அந்தத் தூளில் இரண்டு தவறுகள். ஒன்று, மிகவும் நைஸ்; துணியில் வடிகட்டினால் சேறு போல இறங்கும், அடியில் மண்டி தங்கும். இரண்டு, சிக்கரி. காபித்தூளில் நீரில் கரையக்கூடியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வறுத்த சிக்கரியில் பாதிக்கும் மேல் கரையும், பச்சைத் தண்ணீரிலேயே சடாரென்று கரையும். 60:40 தூளை ராத்திரி ஊறவைத்தால் காலையில் கிடைப்பது கறுப்பாக, கொழகொழவென்று, கருகிய வெல்ல வாடையோடு ஒரு சிக்கரித் தண்ணீர்தான். நிறத்தைப் பார்த்து ஆகா, என்ன கெட்டி என்று மகிழ்ந்துபோகிறார்கள். சூடான ஃபில்டர் காபியில் சிக்கரி பிடிக்கும் என்றால் அது உங்கள் விருப்பம். குளிர்முறைக்கு அது கூடவே கூடாது.

காபி அரைக்கும் கடைக்குப் போய், “அண்ணே, ப்ளாண்டேஷன் ஏ அராபிகா நூறு கிராம், சிக்கரி வேண்டாம், ரவைப் பதத்துக்கு அரைச்சுக் கொடுங்க” என்று கேளுங்கள். முந்தைய ஆளுக்கு அரைத்த சிக்கரித் தூள் மெஷினில் ஒட்டியிருக்கும். முதலில் ஒரு கைப்பிடிக் கொட்டையைப் போட்டு ஓட்டி அந்தத் தூளைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். வீட்டில் 800 மில்லி தண்ணீரில் போட்டு ஒரு கிளறு கிளறி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் சுத்தமான மல் துணியில் வடிகட்டுங்கள், பிழியாதீர்கள். பிழிந்தால் கசடு இறங்கும். 600 மில்லி போலக் கிடைக்கும், மீதியைச் சக்கை குடித்துவிடும். சாறு ஒரு பங்குக்குத் தண்ணீரோ பாலோ ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் கண்ணாடிக் குடுவைகள் தேவையே இல்லை.

சிக்கரி கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும், இரண்டின் விகிதத்தையும் உறையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. பெரிய கம்பெனி பாக்கெட்டில், பின்பக்கம் சின்ன எழுத்திலாவது இருக்கும். தெருமுனையில் கண்முன்னால் அரைத்துக் காகித உறையில் கட்டிக் கொடுக்கும் தூளில் எதுவும் இருப்பதில்லை. ‘ஸ்பெஷல்’, ‘ஸ்பெஷல் ஏ’ என்று பலகையில் எழுதியிருக்கும். காஃபீனைக் கணக்குப் பார்த்துக் குடிக்க வேண்டிய கர்ப்பிணிக்கு ஸ்பெஷல் என்ற பெயர் ஒன்றும் சொல்லாது. எந்தக் கொட்டை, எத்தனை சதவீதம், என்றைக்கு வறுத்தது என்று மூன்று விஷயத்தைப் பேனாவால் உறைமேல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் வால்பாறையிலும் விளைகிற காபி எந்த மலையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிற கடை உங்கள் ஊரில் இருந்தால், இரண்டு தெரு தள்ளியிருந்தாலும் அங்கேயே போய் வாங்குங்கள்.