பட்டையைப் பார்த்த கண்ணால் காயிலைப் பார்க்காதீர்கள்

நாமக்கல் பக்கத்தில் ஸ்பிரிங் என்றால் பட்டைதான். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். சென்டர் போல்ட் ஒடிந்தால் என்ன ஆகும், யூ போல்ட் லூசானால் வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று டிரைவரும் சொல்வார், டீ ஆற்றிக்கொடுப்பவரும் சொல்வார். பரமத்தி வேலூரில் பழைய கான்டெஸா காரைத் தூசி தட்டி எடுப்பவர்களுக்கு இந்த லாரி அறிவுதான் சிக்கலாகிறது. அந்தக் காரின் காயில் ஸ்பிரிங்கையும் பட்டைக் கணக்கிலேயே எடைபோட்டு விடுகிறோம்.

"பின்னாடி ஸ்பிரிங் கையாலேயே ஆடுதுங்க, போல்ட் கழண்டிருச்சு" என்பதுதான் அதிகம் கேட்கும் பேச்சு. பல வண்டிகளில் அங்கே கழல்வதற்கு போல்ட்டே கிடையாது. பட்டை சுமையையும் தாங்கும், ஆக்சில் ஹவுசிங்கையும் இடத்தில் பிடித்து வைக்கும். அதனால்தான் அதை யூ போல்ட் போட்டு இறுக்குகிறோம். காயிலுக்கு எடை சுமப்பது ஒன்றே வேலை. ஹவுசிங்கைப் பிடித்து நிறுத்துவது ஆர்ம்கள். மேலே பாடியில் ஒரு கிண்ணம், கீழே ஹவுசிங்மேல் ஒரு இருக்கை. இரண்டுக்கும் நடுவே வண்டியின் எடையே காயிலை அமுக்கி உட்கார வைத்திருக்கிறது. பாடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் ஹவுசிங் தொங்கும், காயில் நீளும், பிடி தளரும். அந்த நிலையில் கொஞ்சம் திரும்பினாலே கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் காயில் விழாமல் காப்பது எது? ஷாக் அப்சார்பர். பின்பக்கம் காயில் வைத்த பல வண்டிகளில் ஹவுசிங் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதற்கு எல்லை போடுவது ஷாக்கின் நீளம்தான். பாடியைத் தூக்கி நிறுத்தி ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றினால், ஹவுசிங் இன்னும் இறங்கி காயில் வெளியே வந்துவிடும். மெக்கானிக்குகள் காயிலை மாற்றுவதே இப்படித்தான். ஓடுகிற வண்டியில் காயில் இடம் பெயர்ந்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியது காயிலை அல்ல, ஷாக்கின் புஷ்ஷையும் போல்ட் கண்ணையும்.

இடையில் ஒரு விஷயம். கான்டெஸாவை நம்மூர் மசில் கார் என்று இளவட்டங்கள் சொல்வது அதன் நீண்ட பானட்டைப் பார்த்துத்தான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் அதைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 50 குதிரைசக்தி. உடம்பு 1970-களின் பிரிட்டிஷ் வாக்ஸாலுடையது. இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் வண்டி வண்டியாக ஓடியது. 2002-ல் உற்பத்தி நின்றது. மசில் கார் என்றால் பின்னால் காயில் என்பதும் சரியில்லை. 1964 போன்டியாக் ஜிடிஓவில் காயில் இருந்தது. முதல் மஸ்டாங்கும் முதல் கமாரோவும் நம் அம்பாசடர் மாதிரியே பட்டையில் ஓடின.

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை, "ஒரு சுத்து அறுத்தா வண்டி கொஞ்சம் இறங்கும், வேற ஒண்ணும் ஆகாது" என்பது. வண்டி இறங்கும், உண்மைதான். ஆனால் எட்டுச் சுற்று வேலை செய்யும் காயிலில் ஒன்றை அறுத்தால் மீதி ஏழும் முன்பைவிட 14 சதவீதம் விறைப்பாகும். நீளமும் குறைந்துவிட்டது, ஷாக்கின் நீளமோ பழையபடியே இருக்கிறது. சக்கரம் பெரிய குழியில் இறங்கும்போது ஷாக் முழுக்க நீள்வதற்கு முன்பே காயில் நீண்டு முடிந்துவிடும். அந்த இடைவெளியில் காயில் அந்தரத்தில் நிற்கிறது. சக்கரம் திரும்ப மேலே வரும்போது இருக்கையில் நேராக உட்கார்ந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கோணலாக உட்கார்ந்தால் அடுத்த குழியில் வெளியே. கேஸ் கட்டரில் அறுத்திருந்தால் இன்னும் மோசம். சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும்.

அறுத்த காயிலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அதன் முனையைப் பாருங்கள். கம்பெனிக் காயிலின் முனை இருக்கைக்கு ஏற்ப ஒழுங்காக வளைந்து வந்து, ரப்பர் மெத்தையில் இருக்கும் சின்னப் படியில் முட்டி நிற்கும். அறுத்ததில் முனை கத்திபோல நீட்டிக்கொண்டு ரப்பரைக் கிழித்திருக்கும். இருக்கையின் விளிம்பில் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தால், காயில் அங்கே ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கழன்றுவிடும் என்று பயந்து காயிலை இருக்கையோடு வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே எஃகு நொறுங்கும் தன்மைக்கு மாறி, பிறகு அங்கேதான் முறியும். கம்பி கட்டுவது அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, பயனும் இல்லை.

"வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, ஸ்பிரிங் செத்துப்போச்சு" என்பதும் பெரும்பாலும் தவறு. ஆட்டத்தை அடக்குவது ஷாக்கின் வேலை. காயில் தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். சமதளத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் டேப் பிடித்தால் தெரிந்துவிடும்.

பின்பக்கக் காயிலைச் சுலபமாக எடுத்த தைரியத்தில் முன்பக்கம் கை வைக்க வேண்டாம். கான்டெஸாவின் முன்காயில் விஷ்போன்களுக்கு நடுவே நன்றாக அமுங்கி உட்கார்ந்திருக்கும். 300 கிலோ சுமையில் 15 சென்டிமீட்டர் அமுங்கிய காயிலை ஒரேயடியாக விடுவித்தால், 22 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது இருக்கிற ஆற்றல் அதில் இருக்கும். விஷ்போனில் காயில் சக்கரத்தைவிட உள்ளே தள்ளி இருப்பதால் நிஜத்தில் சுமை இன்னும் கூடுதல். காயில் அமுக்கும் கருவி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கான்டெஸா இல்லாதவர்களும் இதைத் தாண்டிப் போய்விட முடியாது. ஸ்கார்பியோவுக்கும் இன்னோவாவுக்கும் பின்னால் இருப்பது காயில்தான். உயரம் கூட்டுகிறேன் என்று நீள ஷாக்கை மட்டும் போட்டுக் காயிலைப் பழையபடியே விட்டால், அறுத்த காயிலுக்கு நேர்ந்ததே அந்த வண்டிக்கும் நேரும்: ஹவுசிங் முன்பைவிடக் கீழே இறங்கும், காயில் அதுவரை எட்டாது.