பெட்டியில் 300, பிளக்கில் 13

தம்பி, தீபாவளிக்குள் கேட்டுக்கு நானே வெல்டிங் அடித்துவிடுகிறேன், என்ன மிஷின் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைக்குப் போகும் முன் வீட்டுச் சுவரைப் பார். நம் மலேசிய மூன்று கால் பிளக் 13 ஆம்பியர்தான். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் சுமார் 3,000 வாட். பெட்டியில் 300 ஆம்பியர் என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும், சுவர் கொடுப்பதை வைத்துத்தான் மிஷின் வேலை செய்யும்.

நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று சுங்கை பட்டாணியில் ஒரு கடையிலிருந்து ஒரு மிஷினைத் தூக்கி வந்து, 3.2 மில்லிமீட்டர் வெல்டிங் ராட் மாட்டினேன். இரண்டாவது இழுப்பிலேயே டிரிப் ஆகி வீடே இருட்டு. அம்மா சாமி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. பெடோங் பக்கம் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்களே, அந்தக் கடாரத்து ஆட்களுக்கு இந்த டிரிப் தொல்லை இல்லை!

சாதா பிளக்கில் 2.6 ராட், 80 ஆம்பியர் வரை தைரியமாக ஓட்டலாம். கேட், ஆட்டுக் கொட்டகை, பூச்சட்டி ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் அது போதும். 3.2தான் வேண்டுமென்றால் வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி லைன் போடு. ரீல் வயரில் இழுப்பதானால் முழுவதும் பிரித்துவிடு. சுருட்டியபடியே இருந்தால் சூடேறி உருகும்.

மிஷின் பின்னால் ஒரு தகடு இருக்கும். அதில் 60% என்றிருந்தால், அதோடு எழுதியிருக்கும் ஆம்பியரில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் அடிக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், நீதான் படிக்க வேண்டும்.

கேட்டுக்குப் போடும் ஹாலோ பைப் 1.2 மில்லிமீட்டர்தான் என்றால் 2.0 ராட், 50 ஆம்பியர், விட்டு விட்டுப் புள்ளி வை. ஒரே இழுப்பில் போனால் ஓட்டைதான். மிக் மிஷின் வேண்டாம், அதில் கேஸ் போட்டு வாசலில் அடித்தால் காற்று கேஸை அள்ளிக்கொண்டு போகும். தைப்பூசக் காவடிக்கு ஸ்டெயின்லெஸ் சட்டமா? அது டிக் வெல்டிங் வேலை, பட்டறையில் கொடு.

ராட்டை மூடி இறுகிய மைலோ டின்னில் வை. நம் மழைக்கு ஈரம் ஏறினால் படபடவென்று வெடிக்கும். ஜிஐ பைப் என்றால் அடிக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியில் வைத்து அடி. பூச்சு எரியும் புகையில் ராத்திரி காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள், நம்பாதே.

கூலிங் கிளாஸ் போட்டு அடிக்கிறவர்களை எஸ்டேட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அடிக்கும்போது ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். 10ஆம் எண் கண்ணாடி உள்ள ஹெல்மெட்டுக்குக் குறைவான எதையும் வாங்காதே.

160 ஆம்பியர் இன்வெர்ட்டர் உனக்குத் தாராளம். மிச்சக் காசில் ஹெல்மெட்டும் தோல் கையுறையும் வாங்கு. கேட் முடிந்ததும் அக்காவுக்குப் படம் அனுப்பு.