ஓடாத பம்ப்புக்கும் எண்ணெய் வேணும், தம்பி

எண்ணூர்ல வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "அக்கா, எங்க பிளான்ட்ல ஆயில் மிஸ்ட் போடப் போறாங்களாம், நல்லதா?"ன்னு கேட்டே. அன்னிக்கு போன்ல அரைகுறையாச் சொன்னேன். இப்போ உட்கார்ந்து எழுதறேன்.

புதுச் சங்கதி இல்லடா. 1930கள்ல ஐரோப்பாவில, வேகமாச் சுத்துற ஸ்பிண்டில் பேரிங்குகளுக்காக வந்தது. அப்புறம் ரிஃபைனரிக்காரங்க பம்ப் வரிசைக்கு எடுத்துக்கிட்டாங்க. காத்தழுத்தத்தால எண்ணெயை 1 முதல் 3 மைக்ரான் துளியா உடைச்சு, குழாய்ல அனுப்புறதுதான் வேலை. காத்து 2 லட்சம் பங்குன்னா, எண்ணெய் 1 பங்கு. ஊதுபத்திப் புகை மாதிரி குழாய்ல ஒட்டாமப் போகும். பேரிங் பக்கத்துல இருக்கிற ரீகிளாசிஃபையர்ங்கிற சின்ன ஓட்டையில நெருக்கியடிச்சு வரும்போதுதான் துளிகள் சேர்ந்து பெருசாகி ஒட்டும்.

நம்ம பக்கத்துக்கு இதோட பெரிய லாபம், நிக்கிற பம்ப்புக்குத்தான். திருவொற்றியூர் வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதியாச்சுன்னு உனக்கே தெரியும். அதே உப்புக் காத்துதான் ஸ்டாண்ட்பை பம்ப்புக்குள்ளயும் போகுது. பகல்ல சூடேறி ராத்திரி ஆறும்போது, பேரிங் ஹவுசிங் ஈரக்காத்தை உள்ளே இழுக்கும். எண்ணெய் அடியில கிடக்கும், மேல்பாதி காஞ்சு கிடக்கும். நான் இருந்த ஒரு இடத்துல, பல மாசம் நின்ன பம்ப்பை ஸ்டார்ட் பண்ணின அரைமணியில கத்த ஆரம்பிச்சுது. கழட்டினா, ரோலர் உட்கார்ந்த இடமெல்லாம் வரிவரியாத் துரு. மிஸ்ட் இருந்தா ஹவுசிங்குக்குள்ள எப்பவும் லேசான அழுத்தம் நிக்கும். உப்பு, சாம்பல், ஈரம் உள்ளே வராது. ஓடுற பம்ப்லயும் எண்ணெயைக் கடையற வேலை இல்லாததால பேரிங் சூடு குறையும்.

இனி தொல்லை. உயிர்நாடியே காத்துதான். கம்ப்ரசர் காத்துல தண்ணி வந்தா, எந்த ஈரத்தைத் தடுக்கணும்னு இதைப் போட்டோமோ, அதையே நாமளே உள்ளே ஊதி விடுறோம். அதனால ஏர் டிரையர்ல காய வச்ச இன்ஸ்ட்ருமென்ட் ஏர்தான் கொடுக்கணும். மிஸ்ட் நின்னா கத்துற அலாரத்தை யாரும் ஆஃப் பண்ணி வைக்கக் கூடாது. (வைப்பாங்க. ராத்திரி ஷிஃப்ட்ல போய்ப் பாரு.) மிஸ்ட் போற மெயின் குழாய், அதான் ஹெடர், சரிவா இருக்கணும், எங்கேயாவது தொய்ஞ்சா அங்கே எண்ணெய் தேங்கி வழியை அடைச்சிடும். பால், ரோலர் பேரிங்குக்கு மிஸ்ட் மட்டுமே போதும். ஸ்லீவ் பேரிங்குக்குப் போதாது. அங்கே எண்ணெய் சம்ப் அப்படியே இருக்கட்டும், மிஸ்ட் வெறும் காவலுக்குத்தான்.

வெளியே கசியிற மிஸ்ட்டைச் சாதாரணமா நினைக்காதே. தரை வழுக்கும், நெஞ்சுக்கும் ஆகாது. அமெரிக்காவில 8 மணி நேர வேலைக்கு, கன மீட்டர் காத்துல 5 மில்லிகிராமுக்கு மேல கூடாதுன்னு சட்டமே இருக்கு. திரும்பப் பிடிச்சுச் சேர்க்கிற மூடின சுற்றுதான் கேளு. சேர்ந்த எண்ணெய் மழைநீர்க் கால்வாய்க்குப் போகவே கூடாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் எண்ணூர்க் கழிமுகத்துல எண்ணெய் மிதந்ததும், மீனவங்க வலையும் படகும் கறுத்ததும் நம்ம கண்முன்னாடி நடந்தது.

ராயபுரத்துல லேத் பட்டறை வச்சிருக்கிற மாமா இதுக்கு ஆசைப்பட்டா, வேண்டாம்னு சொல்லிடு. ரெண்டு மெஷினுக்கு கிரீஸ் கன் போதும். வரிசையா பம்ப் நிக்கிற இடத்துலதான் போட்ட காசு திரும்பும். உங்க மீட்டிங்ல பேச விட்டா, விலையைக் கேக்காதே. ஏர் டிரையரைக் கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணினாங்கன்னு கேளு.