சிறு விமானங்களின் பயன்

அன்புள்ள மருமகள் ஸுலைஹாவுக்கு,

எத்தாளையிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. இரண்டு பேரோ நான்கு பேரோ அமரும் சிறு விமானங்கள் செல்வந்தரின் விநோதமேயன்றி, வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டும் கடலுக்குப் போயும் சீவிக்கும் நம்மவருக்கு அவற்றால் யாது பிரயோசனம் என்று வினவியிருந்தாய். வினா நியாயமானது, அதனுள் நீ மறைத்து வைத்திருக்கும் முடிவை மட்டும் நான் ஏற்கேன்.

காலஅட்டவணைப்படி பிரயாணிகளை ஏற்றும் கம்பெனிகளையும் படைகளையும் நீக்கிவிட்டால் எஞ்சி நிற்கும் பறத்தலையே விரிந்த பொருளில் பொது விமானப் போக்குவரத்து என்பர். பயிற்சி, நிலத்தைப் படம் பிடித்தல், நோயாளரை ஏற்றிச் செல்லல், காணாமற்போனோரைத் தேடல் ஆகியன யாவும் அதனுள் அடங்கும்.

இரத்மலானை விமான நிலையத்தின் சரித்திரத்தையே பார். 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கு முதன்முதலாக வந்திறங்கியது, மதராஸ் பறத்தற் கழகத்தின் பிரதம ஆசிரியரான டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த பஸ் மொத் என்னும் சிறு விமானம். 1932இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுசென்றதும் அதே இன விமானத்திலேதான். பிஸ்கோ இறங்கிய அதே நிலையத்திலிருந்து, 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோனின் முதல் விமானம் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டது. பெரியவை செல்லும் பாதையைச் சிறியவை முன்சென்று திறந்த வரலாறு இது.

இனி உன் கடலுக்கு வருவோம். படகில் எழுந்து நிற்கும் ஒருவனுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்திலேயே முடிந்துவிடும். முந்நூறு மீற்றர் உயரத்தில் பறப்பவனுக்கோ அது அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் விலகுகிறது. அலைநுரையினின்று ஒரு சிறு படகைப் பிரித்தறிய அவன் நெருங்கியே செல்ல வேண்டுமாயினும், வயலை உழுவது போல வரிவரியாகக் கடலைத் தேடி முடிக்க, இயந்திரம் பழுதாகிக் கற்பிட்டிக்கு அப்பால் மிதந்துபோகும் படகுக்காரனின் தண்ணீர் தீருமுன் சிறு விமானத்தால் இயலும்.

தரையிலும் அவ்வாறே. ஆஸ்திரேலியாவில் அடுத்த வைத்தியர் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்த காலத்தில், ஜோன் ஃபிளின் என்னும் பாதிரியாரின் முயற்சியால், 1928 மே 17ஆம் திகதி குளோன்கரியிலிருந்து ஒரு வைத்தியர் வானூர்தியில் நோயாளரிடம் புறப்பட்டார். இவ்வாறு தொடங்கிய பறக்கும் வைத்தியர் சேவை இன்றும் நடைபெறுகிறது.

நம் மாவட்டத்தோடு உறவுடைய ஒருவரையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. சிலாபத்தை அடுத்த காக்காப்பள்ளியில் தென்னந்தோட்டம் வைத்திருந்த கலாநிதி ரே விஜேவர்தன (1924–2010), இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றை உருவாக்கியவர். தாமே வடிவமைத்துக் கட்டிய சிறு விமானங்களில் தாமே பறந்தவர். மண்ணைப் பற்றிச் சிந்தித்த அதே மனிதர் வானத்தைப் பற்றியும் சிந்தித்தார் என்பதே, இது வெறும் விநோதமன்று என்று நான் துணிந்து கூறுவதற்குக் காரணம்.

ஆட்சேபனைகளும் உண்டு. இரைச்சல் உண்டு, இவ்வியந்திரங்கள் எரிக்கும் பெற்றோலில் இன்னும் ஈயம் கலந்திருப்பது மெய்யாகவே குறை, அது நீங்கத்தான் வேண்டும். எனினும், கட்டுநாயக்கவிலிருந்து முந்நூறு பேரை ஏற்றிச் செல்லும் விமானியும் முதலில் இரண்டு ஆசனச் செஸ்னா போன்றதொரு சிறு விமானத்தில் அமர்ந்து கற்றவரே என்பதை மறவாதே.

அந்தப் பயிற்சியில் முதற் பாடம் பறத்தலன்று. புறப்படுமுன் மாணவி இறக்கையின் கீழ் குனிந்து, எண்ணெய்த் தாங்கியின் அடிக்குழாயில் ஒரு கண்ணாடிக் குவளையைப் பொருத்திச் சிறிது எரிபொருளை வடித்து, வெளிச்சத்துக்கெதிரே பிடித்துப் பார்க்கிறாள். இரவின் ஈரம் தண்ணீராகத் திரண்டிருந்தால் அது பெற்றோலின் கீழ் தனியே உருண்டு நிற்கும். அது முற்றாக நீங்கும்வரை மீண்டும் மீண்டும் வடிக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தண்ணீர் வானில் இயந்திரத்தை நிறுத்திவிடக்கூடும்.

சர்வதேச ஒழுங்கின்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் பதினேழு வயதும் பொதுவாக நாற்பது மணி நேரப் பறத்தலும் வேண்டும். பயிற்சி நிலையங்கள் இரத்மலானையில் இருக்கின்றன. செலவு பெரிது என்பதை நான் மறைக்கவில்லை. உதவிப் பணத்துக்கு வழியுண்டா என்று விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அதற்கிடையில் கணிதத்தையும் பௌதிகத்தையும் விட்டுவிடாதே. உம்மாவுக்கு என் ஸலாம் சொல்.

இங்ஙனம்,
உன் மாமா