92ஆ? 95ஆ? உங்கள் காருக்கு எந்தப் பெற்றோல்?

வியாபாரிகளான நமக்கு ஒரு பழக்கம் உண்டு. விலையை வைத்துத் தரத்தை எடை போடுவோம். கறுவாவில் அல்பா உயர்ந்தது, அதன் விலையும் உயர்ந்தது. அரிசியிலும் துணியிலும் பெரும்பாலும் அப்படித்தான். இதே கண்ணோடு பெற்றோல் ஷெட்டுக்குப் போகும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது. 95 விலை கூடியது, ஆகவே அது சுத்தமானது, எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து, தேவையே இல்லாத காருக்கு மாதாமாதம் 95 அடிப்பவர்கள் நம்மவர்களில் பலர்.

ஒக்டேன் இலக்கம் பெற்றோலின் சுத்தத்தையோ சக்தியையோ காட்டுவதல்ல. எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து பிஸ்டனால் அமுக்கப்படுகின்றன. பிளக் பொறி கொடுத்ததும் அந்தக் கலவை சீராக எரிய வேண்டும். அமுக்கமும் சூடும் கூடி, சுடர் வந்து சேர முன்னரே கலவையின் ஒரு பகுதி தானாகப் பற்றிக்கொண்டால், இரும்பில் தட்டுவது போல 'டக் டக்' என்று சத்தம் வரும். இதைத்தான் நொக்கிங் என்கிறார்கள். அப்படித் தானாகப் பற்றாமல் ஒரு பெற்றோல் எவ்வளவு தாக்குப் பிடிக்கும் என்பதையே இலக்கம் சொல்கிறது. நன்றாகத் தாங்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100, சிறிதும் தாங்காத ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளந்த அளவுகோல் இது.

ஆகவே கலவையைக் கடுமையாக அமுக்கும் எஞ்சினுக்கு, குறிப்பாக டர்போ பூட்டியவற்றில் பலதற்கு, 95 வேண்டும். 92க்கென்று செய்த எஞ்சினுக்கு 95 ஊற்றினால் கெடுதல் இல்லை. சொல்லத்தக்க இலாபமும் இல்லை.

நம் நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்குத் தரநிலைப்படி குறைந்தது 89 ஒக்டேன் இருந்தால் போதும். அதாவது அங்கே 'ரெகியுரா' என்று விற்கும் எண்ணெய்க்காகச் செய்த விட்ஸ், அக்ஸியோ, அக்குவா, வேகன் ஆர் போன்றவற்றுக்கு நமது 92 தாராளம். அக்குவாவின் அமுக்க விகிதம் 13க்கும் மேல், ஆகவே 95தான் வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். அந்த எஞ்சினின் வால்வு தாமதமாக மூடுவதால் உண்மையான அமுக்கம் அந்த இலக்கத்தை விடக் குறைவு. கம்பனியே சாதாரண பெற்றோல் போதும் என்கிறது.

'ஹைஒக்கு' கேட்கும் ஜப்பான் கார்கள் வேறு. அவற்றுக்கு அங்கே குறைந்தது 96. எனவே இங்கே 95ஐ விட்டுக் கீழே இறங்கக் கூடாது. ஐரோப்பியக் கார்களிலும் பெரும்பாலானவை 95 கேட்பவை. சந்தேகம் இருந்தால் டேங்க் மூடியின் உட்புறத்தையும் கைந்நூலையும் பாருங்கள். ஜப்பான் எழுத்து விளங்காவிட்டால் வாகனம் இறக்குமதி செய்யும் யாரிடமாவது காட்டுங்கள். அமெரிக்கக் கைந்நூலில் 87 என்று கண்டால் திகைக்க வேண்டாம். அவர்கள் அளக்கும் முறை வேறு. அது நம் கணக்கில் ஏறக்குறைய 91, 92.

இனிக் கணக்குக்கு வருவோம். மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள், லீற்றருக்கு 12 கிலோமீற்றர் கிடைக்கிறது என்றால் 125 லீற்றர் வேண்டும். இரண்டு பெற்றோலுக்கும் வித்தியாசம் 50 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 6,250 ரூபா, வருடத்துக்கு 75,000 ரூபா. கடைக்கு இரண்டு வாகனம் ஓடினால் ஒன்றரை இலட்சம். ஒரு சிறிய கடையில் இது ஒரு பையனுக்கு ஓரிரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வரும். சாமானில் ஐந்து ரூபா குறைக்கச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறோம்!

மறுபக்கமும் உண்டு. 95 கேட்கும் டர்போ காருக்கு 92 அடித்து மிச்சம் பிடிப்பது மிச்சமல்ல. புதிய எஞ்சின்களில் நொக்கிங்கை உணரும் கருவி இருப்பதால் பொறி கொடுக்கும் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் இழுவை குறையும், எண்ணெய் கூடச் செலவாகும். பாரத்தோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் வரைக்கும் சேதம் போகலாம். அந்தச் செலவு பல வருட மிச்சத்தை விழுங்கிவிடும். வேறு வழியின்றி ஒரு தடவை 92 அடிக்க நேர்ந்தால் மெதுவாக ஓட்டி, அடுத்த ஷெட்டில் 95ஐக் கலந்துகொள்ளுங்கள். இரண்டும் கலப்பதால் பழுதில்லை.

95 பம்பில் 'யூரோ 4' என்று போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். அது கந்தகத்தின் அளவு முதலானவற்றைப் பற்றிய வேறொரு தரம். புகைக்கும் சூழலுக்கும் நல்லது. ஒக்டேனோடு அதைப் போட்டுக் குழப்பக் கூடாது.

உண்மையில் பயப்பட வேண்டியது கலப்படத்துக்குத்தான். 2022 தட்டுப்பாட்டில் போத்தலிலும் கேனிலும் வாங்கி ஊற்றியவர்கள் எத்தனையோ பேர். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் குறைவு. அதைக் கொஞ்சம் கலந்தாலே 92 என்பது பெயரளவில்தான் இருக்கும்.

உங்கள் கார் 92க்கு உரியதுதான், ஆனாலும் சாமானோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் தட்டுகிறது என்றால், ஷெட்டை மாற்றி ஒரு டேங்க் 92 அடித்துப் பாருங்கள். பிறகும் தட்டினால் ஒரு தடவை 95 போடுங்கள். சத்தம் நின்றால் பழைய எஞ்சினில் கரி படிந்திருக்கக்கூடும்; அதைச் சுத்தம் செய்தால் திரும்பவும் 92க்கு வரலாம். 95 போட்டும் நிற்கவில்லையென்றால் எண்ணெயில் குறை தேடாமல் கராஜுக்கு எடுத்துச் சென்று பிளக்கையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.